சிறிய தோட்டாவின் மேல் விழுந்த பழி

மான் வேட்டைக்கும் அதைவிடப் பெரிய விலங்குகளுக்கும் எந்தக் காலிபர், அதாவது எந்தக் குழல் அளவுள்ள துப்பாக்கி, பொருத்தம் என்பது உண்மையில் கடினமான கேள்வி அன்று. இருபத்தாறு ஆண்டுகளாக, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் புதிதாக உரிமம் எடுக்க வருகிறவர்களுக்கு இதை அரை மணி நேரத்தில் சொல்லி முடித்திருக்கிறேன். மிச்ச நேரத்தில் காபி குடித்திருக்கிறோம்.

திருமதி டாஸ்கர், வனவிலங்குக் காவல் அதிகாரி என்ற முறையில் இந்த ஆண்டுக்கான பாடக் குறிப்பை நீங்கள் திருத்தி எழுதி, என் கையெழுத்துக்காக அனுப்பியிருந்தீர்கள். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. ‘சென்ற ஆண்டு கந்தக ஓடையில் நடந்த மரணத்துக்குக் காரணம், துப்பாக்கியின் காலிபர் போதாமல் இருந்ததே’ என்று அங்கே ஒரு வரி வருகிறது. அந்த வரிக்குக் கீழே என்னால் கையெழுத்திட இயலாது. ஏன் என்று விளக்கவே இதை எழுதுகிறேன். சற்று நீளும், எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது, சுருக்கிச் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மானுக்கு .243 போதும். எல்க் என்னும் குதிரை எடையுள்ள பெரிய மானுக்கு .270 அல்லது .30-06 எடுத்துக்கொள் என்பேன். கிரிஸ்லி கரடி நடமாடும் மலையில் காவல் நிற்கிறவன் கையில் .338 இருக்கட்டும் என்பேன். தோட்டா பெரிதாகப் பெரிதாகத் தோளில் விழும் உதையும் பெரிதாகிறது. உதைக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான். கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற பெரிய தோட்டாவைவிடக் கண் திறந்து சுடுகிற சிறிய தோட்டா மேலானது.

வகுப்பில் இதற்கு ஒரு கதை சொல்வேன். முள்ளம்பன்றியைப் பார்த்து நரி கேட்டதாம், ‘ஒரு மூக்கைக் குத்துவதற்கு முப்பதாயிரம் முள் எதற்கு?’ என்று. ‘எனக்குக் குறி பார்க்கத் தெரியாது’ என்றதாம் முள்ளம்பன்றி. எல்லோரும் சிரிப்பார்கள். என் மருமகன் கெல்லர் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் சிரித்தான்.

கெல்லர் மினசோட்டாக்காரன். பண்ணைகளுக்கு நீரேற்றும் பம்புகளை விற்பவன். என் மகள் இங்காவைத் திருமணம் செய்துகொண்டு, என் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே ஆறு ஆண்டுகள் இருந்தான். அவனுடைய தாத்தாவின் .300 மேக்னம், பலமாக உதைக்கும் பெரிய துப்பாக்கி, அவனிடம் இருந்தது. அதைச் சுட்டுவிட்டு வந்தால் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். நூறு அடியில் நின்ற காகிதத்தையே தவறவிட்டான். நான்தான் இங்காவிடம் சொன்னேன், அவனுக்கு ஒரு .243 வாங்கிக் கொடு என்று. அவனுடைய பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்தாள்.

அதை அவன் உணவகத்துக்கு எடுத்து வந்து காட்டிய காலை எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்துப் பண்ணை டுவைன் முட்டையும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தவர், தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“என்னப்பா, அணில் வேட்டைக்குக் கிளம்பிட்டியா?”

“இல்ல அண்ணே, எல்க்குக்கு.”

“எல்க்குக்கா? இதால சுட்டா, கொசு கடிச்சுதுன்னு நெனச்சுக்கும். திரும்பி முதுகைச் சொறிஞ்சுக்கும்.”

“மாமா போதும்னு சொல்லிட்டாரு.”

“உன் மாமா சொல்வாரு. அவரு தோள்ல எப்பவும் .338 தொங்குது. உனக்குக் கொசு, அவருக்குப் பீரங்கி. நல்லாத்தான் பிரிச்சிருக்காரு.”

உணவகமே சிரித்தது. நம் ஊர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். தேவாலயத்தில் ஒன்றாகப் பாடுகிறவர்கள் காலிபர் பற்றிப் பேசும்போது இரண்டு மதமாகப் பிரிந்துவிடுவார்கள். சிறிய தோட்டாவை நம்புகிறவர்கள் ஒரு பக்கம், நம்பாதவர்கள் மறுபக்கம். ஒருவன் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால்கூட, அவன் எந்தக் காலிபர் வைத்திருந்தான் என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்தப் பழக்கத்தை நான் அதுவரை வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன்.

செப்டம்பரில் கெல்லருக்குத் தொலைவிலுள்ள மினியாபொலிஸ் நகரில் பதவி உயர்வு கிடைத்தது. டிசம்பரில் புறப்படுவதாக இருந்தார்கள். இங்கா என் வீட்டு வாசற்படியில் நின்றே அதைச் சொன்னாள்.

“வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்துடுவோம்ப்பா.”

“வாங்க.”

“நீங்களும் எங்ககூட வந்துடலாம்ல?”

“அங்க நான் என்னத்தைச் சுடுறது, டிராம் வண்டியவா?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அடுப்பில் காபி வைப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதன் எதைப் பார்த்து நாளைத் தொடங்குகிறான் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கெல்லர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பையன். என் கூரையிலிருந்து பனியைத் தள்ளுவதற்கு நான் கூப்பிடும் வரை அவன் காத்திருந்ததே இல்லை.

நவம்பர் முதல் வாரம் இருவரும் கந்தக ஓடைக்குப் போனோம். மாலையில், நூற்று அறுபது கஜத் தொலைவில், ஆறு கிளைக் கொம்புள்ள ஓர் ஆண் எல்க்கைக் கெல்லர் சுட்டான். ஒரே தோட்டா. முன்னங்காலுக்குப் பின்னால், நுரையீரல் இரண்டையும் துளைத்து. அது நாற்பது அடி நடந்து, முன்னங்கால்களை மடக்கி, படுத்தது. நான் பார்த்த மிகச் சுத்தமான மரணங்களில் அதுவும் ஒன்று. அதைத்தான் முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். .243 தன் வேலையை முழுமையாகச் செய்தது.

இருட்டிவிட்டதால் குடலை மட்டும் நீக்கிவிட்டு, உடலைக் கிளைகளால் மூடி, கூடாரத்துக்குத் திரும்பினோம். காலையில் இறைச்சியைப் பிரிக்கப் போனோம். கிரிஸ்லி உள்ள மலையில் அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதை நான் உங்களுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஒருவன் கத்தி பிடிப்பான். மற்றவன் மேட்டில் நின்று காவல் காப்பான். கத்தி பிடிக்கிறவன் தலையை நிமிர்த்த வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்ப்பது காவல் நிற்கிறவனின் வேலை. பெரிய காலிபர் அவனிடம் இருப்பதும் அதனால்தான்.

தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தோம், சத்தம் போட்டோம், எதுவும் இல்லை. கெல்லர் இறங்கினான். தோளில் துப்பாக்கி இடித்துக்கொண்டிருந்ததால், அதைச் சற்றுத் தள்ளி நின்ற ஒரு பைன் மரத்தில் சாய்த்து வைக்கச் சொன்னேன். கரடியை விரட்டத் தெளிக்கும் மிளகாய் மருந்துக் குப்பியை மார்பில் கட்டியிருந்தான். குனியும்போது குத்துகிறது என்றான். அதையும் கழற்றிப் பையில் மாட்டச் சொன்னேன். அப்போது என் மனத்தில் எதுவும் இல்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எதுவும் இல்லை. குப்பியைக் கழற்றக் கூடாது என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம்தான். வகுப்பில் எவ்வளவோ சொல்கிறோம்.

நான் அறுபது கஜம் மேலே, பாறையின் மீது உட்கார்ந்திருந்தேன். அவன் கீழேயிருந்து பேசிக்கொண்டே இருந்தான்.

“மாமா, டுவைன் அண்ணன்கிட்ட கொம்பைக் கொண்டுபோய்க் காட்டணும். கொசு கடிச்சது பாருங்கன்னு.”

“காட்டு.”

“அவரு மூஞ்சி எப்படிப் போகும்னு பாக்கணும். மாமா, பிளாஸ்க்ல காபி மிச்சம் இருக்கா?”

“இருக்கு.”

“எல்லாத்தையும் குடிச்சுடாதீங்க. எனக்குக் கொஞ்சம் வைங்க.”

கரடி ஓடையின் பக்கமிருந்து வந்தது. காற்று இறைச்சியின் வாசனையை அதனிடம் கொண்டுபோனது; அது அவசரப்படவில்லை. நான் அதைப் பார்த்ததற்கும் அது அவனை அடைந்ததற்கும் இடையே நான்கு நிமிடங்கள் இருந்தன. வகுப்பில் நாம் இரண்டு நொடிகளில் முடிவெடுக்கப் பயிற்சி தருகிறோம். நான்கு நிமிடம் என்பது மிக நீண்ட நேரம். முதல் நிமிடத்தில் நான் கத்தியிருந்தால் போதும். அவன் நிதானமாகவே நடந்து மேலேறியிருப்பான். இரண்டாம் நிமிடத்தில் .338-ஐத் தோளில் வைத்தேன். கரடியின் தோள் குறிக்குள் நிறைவாக நின்றது. மூன்றாம் நிமிடத்தில், சுடுவதற்கு முன் நகர்த்த வேண்டிய விசைப் பூட்டின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. டிசம்பரில் எதிர்வீட்டு முன் வந்து நிற்கப்போகும் சரக்கு வண்டியை நினைத்தேன். களைப்பாக இருந்தது. பூட்டை நான் நகர்த்தவில்லை.

அவன் என்னை இரண்டு முறை அழைத்தான். முதல் முறை மாமா என்று. இரண்டாம் முறை பெயர் சொல்லி. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அது நீண்ட நேரம் நடக்கவில்லை. கரடி போன பிறகு இறங்கினேன். பைன் மரத்தில் .243 நான் வைக்கச் சொன்ன இடத்திலேயே சாய்ந்திருந்தது. அதை எடுத்து, எதிர்ச் சரிவில் ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு, அவனுடைய கைக்கு அருகே வைத்தேன். இறைச்சி சுமக்கக் கொண்டுவந்திருந்த கோவேறு கழுதைகளைப் பிடிக்கப் போயிருந்ததாகவும், ஒரு வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்ததாகவும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் தோளில் கை வைத்து, பேச வேண்டாம், உட்காருங்கள் என்றீர்கள். நல்ல உள்ளம் உங்களுக்கு.

உங்கள் துறையினர் நான்கு நாள் தேடி அந்தக் கரடியைச் சுட்டார்கள். அதன் உடலில் .243 தோட்டா இல்லை. சின்னத் தோட்டா, எலும்பில் பட்டுத் தெறித்திருக்கும் என்று அறிக்கையில் எழுதினீர்கள். தோட்டா அப்படிக் காணாமல் போவதில்லை, திருமதி டாஸ்கர். தோலில் ஒரு கீறலாவது இருந்திருக்க வேண்டும். யாரும் தேடவில்லை. கொசுத் துப்பாக்கியோடு போனான், செத்தான் என்று டுவைன் உணவகத்தில் சொல்லி அழுதார். ஊர் முழுவதும் அதையே சொன்னது. காலிபர் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் போன மாதம் இங்கா அந்தத் துப்பாக்கியை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனாள். துண்டு துண்டாக அறுக்கச் சொல்லப் போவதாகச் சொன்னாள்.

“நான்தானேப்பா வாங்கிக் குடுத்தேன். ஒரு சைஸ் பெருசா வாங்கியிருந்தா அவரு இருந்திருப்பாரு.”

“அப்படிச் சொல்லாத.”

“பின்ன எப்படிச் சொல்றது? கடைக்காரன் கேட்டான், .270 தரட்டுமான்னு. நான்தான் இதே போதும்னேன். என் கையாலதான்.”

 பட்டறைக்காரர் குழலை அறுக்கும்போது வாசலில் நின்றிருந்தேன். நன்றாகச் செய்யப்பட்ட துப்பாக்கி அது. எந்தத் தவறும் செய்யாதது. அன்றிலிருந்து எனக்குச் சரியாக உறக்கம் இல்லை. இப்போது அந்தப் பொய்யைப் பாடத்திலும் அச்சடிக்கப் போகிறீர்கள். அதைப் படிக்கிற தோள் மெலிந்தவர்கள் பயந்து .300 வாங்குவார்கள், கண்ணை மூடிக்கொண்டு சுடுவார்கள், காயப்பட்ட மான்கள் காட்டுக்குள் நாட்கணக்கில் அலையும். அதை நான் அனுமதிக்க இயலாது.

ஆகவே நடந்ததை எழுதிவிட்டேன். கெல்லரைக் கொன்றது கரடி. அதைக் கொல்லவிட்டது நான். காலிபருக்கு இதில் பங்கு இல்லை. கைது செய்ய வருவதானால் காலையில் வாருங்கள். நான் எங்கும் போகப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்காவிடம் துப்பாக்கியின் மேல் குற்றமில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள்; மற்றதைச் சொல்ல வேண்டாம். மினியாபொலிஸ் போவதை அவள் கைவிட்டுவிட்டாள். இப்போது என் வீட்டிலேயே இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறாள். கணவனை இழந்து நிற்கிற பெண்ணை, தகப்பனையும் இழக்கும்படி செய்வது நியாயமாகாது.