கீழ்த்தளத்தில் ஊறும் தண்ணீர்

வனமாலா: ...மழை பெஞ்சு மூணு மாசம் ஆச்சு மாரப்பா. மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு. இருந்தும் காருக்கு அடியில கணுக்கால் தண்ணி. எங்கேர்ந்துதான் வருது?

மாரப்பா: அதைத்தான் மேடம் நானும் கேக்குறேன்.

வனமாலா: கேக்குறதுக்கா உன்னை வெச்சிருக்கோம்? பன்னெண்டு வருஷமா இந்தக் கட்டடத்துக்கு பிளம்பர் நீ. சாயங்காலம் குடியிருப்போர் சங்கக் கூட்டம். வழி சொல்லலைன்னா உன்னை அனுப்பிடணும்னு தலைவர் சொல்லிட்டார். செயலாளர்ங்கிறதால நான்தான் அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடணும்.

மாரப்பா: பைப்புல கசிவு இல்ல மேடம். நேத்து மேல் டேங்க்ல மஞ்சத்தூள் கரைச்சுப் பார்த்தேன்...

வனமாலா: அது நீதானா! என் மகன் மாப்பிள்ளை மாதிரி மஞ்சச் சட்டையில ஆபீஸ் போனான்!

மாரப்பா: அந்தச் சட்டைதான் சாட்சி. வீட்டுக் குழாயில மஞ்சள் வந்துச்சு. இங்க தேங்கினதைப் பாருங்க, தெளிவா இருக்கு. அப்ப இது மேலேர்ந்து வர்ற தண்ணி இல்ல.

வனமாலா: சுவர் வழியா...

மாரப்பா: தொட்டுப் பாருங்க, காஞ்சு கிடக்கு. தரை இணைப்பைப் பாருங்க. குமிழி விடுது.

வனமாலா: போன வருஷம்தானே அதுக்கு ரசாயனம் பூசினோம்?

மாரப்பா: பூசினோம். அந்த மூலையில கிளம்பிச்சு. அதையும் அடைச்சோம். லிஃப்ட் குழியில வந்துச்சு. விரிசல் விட்ட பானையைத் தொட்டித் தண்ணியில அமுக்கிப் பிடிங்க. உள்ள வருமா, வராதா? இந்தக் கீழ்த்தளம்தான் பானை.

வனமாலா: அப்ப தொட்டி எது?

மாரப்பா: நம்ம பஸ் ஸ்டாப் பேரு என்ன மேடம்?

வனமாலா: தூபு ஸ்டாப்.

மாரப்பா: தூபுன்னா கன்னடத்துல மதகு. மெயின் ரோடு மட்டும் ஏன் எட்டடி மேடா இருக்கு? அது ஏரிக்கரை. நாம நிக்கிறது...

வனமாலா: மெதுவா பேசு!

மாரப்பா: இங்க காருங்கதான் இருக்கு.

வனமாலா: கூட்டத்துல ஏரின்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. வீட்டை விக்க நாலு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.

மாரப்பா: கட்டடத்தோட பேர்லயே 'லேக்' இருக்கே?

வனமாலா: பேர்ல இருந்தா விலை ஏறும். அடியில இருந்தா இறங்கும்.

மாரப்பா: முன்ன ஏரி நிரம்பினா முறத்துல மஞ்சள், வளையல் எல்லாம் வெச்சு, பாகினான்னு ஏரித் தண்ணியில காணிக்கை விடுவாங்க. இப்ப தலைவர் சம்சாரத்தைக் கூப்பிட்டு லிஃப்ட் குழியில விடச் சொல்லலாம்.

வனமாலா: வேலை போகப்போகுது, உனக்குக் கிண்டல் வேற!

மாரப்பா: கிண்டல் நானா பண்றேன்? இதை இறைச்சுப் பின்சுவர் தாண்டிக் கால்வாய்ல கொட்டுறோம். முன்கேட்ல 'ஒரு சொட்டும் வீணாகாது'ன்னு பலகை. அந்தப் பலகையை உரசிக்கிட்டே தினம் டேங்கர் வருது.

வனமாலா: அந்த வாசகம் நான் எழுதினது.

மாரப்பா: எழுத்து அழகா இருக்கு மேடம்.

வனமாலா: இது ஏரின்னு உனக்கு எப்பத் தெரியும்?

மாரப்பா: எங்க தாத்தா இதுக்கு நீர்கண்டி. மதகு திறக்குறது, மூடுறது எல்லாம் அவர்தான். வேலைக்கு வந்த அன்னிக்கே தெரியும்.

வனமாலா: பன்னெண்டு வருஷம் வாயே திறக்கல!

மாரப்பா: நீங்க மட்டும்? ஏரின்னதும் 'பொய் சொல்லாதே'ன்னு சொல்லல. 'மெதுவா பேசு'ன்னீங்க.

வனமாலா: ...ரிட்டயர் ஆகுறதுக்கு முன்ன எனக்கு நில வரைபடம் போடுற வேலை. இந்த இடம் நீல நிறத்துல இருந்துச்சு. மேலதிகாரி சொன்னார்னு பச்சை அடிச்சு, 'மேய்ச்சல் நிலம்'னு எழுதினது நான்தான்.

மாரப்பா: அப்புறம் அங்கேயே வீடு வாங்கினீங்களா!

வனமாலா: நான் எழுதினதை நானே நம்பிட்டேன், போயேன். இப்ப உன் கதையைச் சொல்லு. நீ ஏன் மறைச்சே?

மாரப்பா: கூட்டத்துல சொல்ல மாட்டீங்களே?

வனமாலா: என்னோடதை நீ சொல்லாத வரைக்கும்.

மாரப்பா: டேங்கர் ஓட்டுற லோகேஷு என் மச்சான் மேடம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் நம்ம பைப்பு வாயிலேயே பிடிச்சு, ஏரிக்கரையை ஒரு சுத்து சுத்தி, முன்கேட் வழியா வந்து நமக்கே காசுக்கு ஊத்துறான். பன்னெண்டு வருஷமா நீங்க எல்லாரும் குளிக்கிறது இந்தத் தண்ணிதான். ஒருத்தருக்கும் ஒரு சொறிகூட வரல. அதனால துணிஞ்சு செய்யலாம். அடைக்கிறதை விட்டுட்டு, பள்ளமான இந்த மூலையில தரையைத் துளைச்சு ஏழடிக்கு ஒரு கிணறு இறக்குவோம். தரைக்கு ஏறுறதுக்கு முன்ன தண்ணி அதுல சேர்ந்துடும். மோட்டாரை அதுல இறக்கி, பைப்பைக் கால்வாய் பக்கம் விடாம இப்படித் திருப்பி, மணலும் கரியும் போட்ட தொட்டி வழியா நம்ம சம்ப்ல விட்டா தரையும் காயும், டேங்கரும் வேண்டாம். நாலு நாள் வேலை. கூட்டத்துல இதையே வழின்னு சொல்லுங்க, ஏரிங்கிற வார்த்தையே வராது.