விரிசலைப் பார்த்தது யார் என்பது குறித்து

என் பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் உள்ளபடி. வயது எழுபத்து மூன்று. கணவரை இழந்தவள். கான்வென்ட் பள்ளியில் பதினோராம் வகுப்பு வரை படித்தவள். காவலர் முதலில் எழுதிய இரண்டு பக்கங்களில் நான் சொல்லாததும் இருந்ததால், அவற்றை அடித்துவிட்டுப் புதிதாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

என் கணவர், கடலுக்கடியில் மூச்சுவிட முதுகில் கட்டிக்கொள்ளும் காற்று சிலிண்டர்களைச் சோதித்துச் சான்று தரும் உரிமம் பெற்றவர். முப்பத்தோரு ஆண்டுகள் அந்தத் தொழில் செய்தார். வீட்டை ஒட்டிய அறைதான் பட்டறை. அவர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தனார், முக்குளிப்பவர்களுக்கான கடை வைத்திருக்கிறார். சிலிண்டர்களில் காற்று நிரப்பி வாடகைக்குக் கொடுக்கிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அக்கடையில் ஓர் அலுமினிய சிலிண்டர் காற்று நிரப்பும்போது வெடித்தது. நிரப்பிக்கொண்டிருந்த, நெட்டை என்று எல்லோரும் அழைக்கும் தொழிலாளிக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. சம்பவத்தை நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அடுப்பில் பால் இருந்ததால் உடனே போகவில்லை.

அதன் பிறகு, வெடித்த சிலிண்டரில் என் கணவரின் முத்திரை இருப்பதாகவும், அவர் சரியாகப் பார்க்காமல் தேர்ச்சி கொடுத்ததே காரணம் என்றும் என் கொழுந்தனார் இந்த நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழியைச் செத்தவர் தலையில் கட்டிவிட்டால் எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

புதன்கிழமை காலை நெட்டையின் மனைவி என் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "உங்க வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டா முத்திரை குத்தினாரு? இப்ப எம் புருஷனுக்குச் சோறு யாரு ஊட்டுறது, நீங்க வந்து ஊட்டுறீங்களா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். அவர் போன பிறகு பட்டறைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு வியாழக்கிழமை ஆய்வாளர் அழைத்ததன் பேரில் பதிவேட்டோடு நிலையத்துக்கு வந்தேன். மேசைமீது பழைய செய்தித்தாளில் சிலிண்டரின் துண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. கழுத்துத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பொறித்திருந்த முதல் சோதனைத் தேதியின்படி அதற்கு வயது நாற்பதுக்கு மேல். அந்தக் காலத்து அலுமினியக் கலவை ஒன்றில் செய்தவை, உள்ளே காற்று அடைத்து வைத்திருக்கும் அழுத்தத்திலேயே, வால்வைத் திருகிப் பொருத்தும் கழுத்தின் உட்புற மரைகளில் மெல்ல விரிசல் விடக்கூடியவை. வெளியே பளபளவென்று இருக்கும். வால்வைக் கழற்றி, மரையைத் துலக்கி, சிறு விளக்கை உள்ளே இறக்கி, பல் மருத்துவரிடம் இருப்பது போன்ற கண்ணாடியால் மரை மரையாகப் பார்த்தால்தான் தெரியும். மரை வெட்டிய கருவியின் கீறலும் விரிசல் போலவே தோன்றும். அவசரக்காரர் இரண்டையும் ஒன்றென்பார். இந்தத் துண்டின் உடைந்த முகம் இரண்டு நிறத்தில் இருந்தது. பெரும்பகுதி புது வெள்ளை. மரைகளை ஒட்டிய பகுதி கருத்து மங்கியிருந்தது. கருத்த பகுதி செவ்வாய்க்கிழமை உடைந்ததல்ல, நெடுநாள் முன்பே பிளந்தது என்று ஆய்வாளருக்குக் காட்டினேன்.

பதிவேட்டில், மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதத்தில், அதே சிலிண்டர் எண்ணுக்கு எதிரே "ஐந்து மரைகளில் விரிசல், கழிவு" என்று உள்ளது. கழித்த சிலிண்டரின் எண்மீது குறுக்குக் கோடுகள் வெட்டி உரிமையாளரிடம் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். உரிமையாளர் என் கொழுந்தனார். துண்டின் மஞ்சள் சாயத்தை ஆய்வாளர் முன்னிலையில் சாவியால் சுரண்டினேன். எண்மீதும் சுற்றிலும், அந்தக் கோடுகளை மறைக்க அரம் போட்டுத் தேய்த்த தடம் இருந்தது. அருகில் அதே மார்ச் மாதத் தேதியோடு என் கணவரின் முத்திரை. கழித்த சிலிண்டருக்கு நாங்கள் முத்திரை அடிப்பதில்லை. முத்திரைக் கருவிகளை, அவர் இறந்த அடுத்த வாரம், "அண்ணன் ஞாபகமா வச்சுக்கிறேன் அண்ணி" என்று சொல்லி எடுத்துச் சென்றவர் என் கொழுந்தனார்.

ஆய்வாளர், பதிவேட்டின் அந்த வரி என் கையெழுத்தில் இருப்பதையும், நானே பிறகு எழுதிச் சேர்த்ததாகக் கொழுந்தனார் சொல்வதையும் சுட்டிக்காட்டினார். யோசிக்க அவகாசம் கேட்டு வராந்தாவுக்கு வந்தேன். அங்கே பெஞ்சில் கொழுந்தனார் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணி, டீச்சரம்மா மாதிரி நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க? உங்க கையெழுத்து எப்படி வந்துச்சுன்னு கேட்டிருப்பாங்களே. சொல்லுங்க பாப்போம். நாலு வருஷமா ஒரு குருடன்தான் சான்று குடுத்தான்னு ஊருக்கெல்லாம் சொல்லுங்க. உங்களால முடியாது அண்ணி. உங்க கவுரவம் தாங்காது."

"டீயைக் குடிச்சு முடி. உள்ள கூப்பிடுவாங்க," என்று சொல்லிவிட்டு, ஆய்வாளரிடம் திரும்பிச் சென்று பின்வருமாறு கூறினேன்.

என் கணவருக்குக் கடைசி நான்கு ஆண்டுகள் பார்வையின் நடுப்பகுதி இல்லை. கதவுச் சட்டம் தெரியும். அதில் நிற்பவர் முகம் தெரியாது. எங்கள் மகன்களுக்கும் சொல்லவில்லை. விளக்கை இறக்கிப் பார்த்தது நான். பதிவேட்டில் எழுதியது நான். நான் சரி என்ற பிறகு, அவர் விரலால் இடம் தடவி முத்திரை அடிப்பார். எனக்கு உரிமம் கிடையாது. இந்த சிலிண்டரைக் கழித்ததும் நானே. "ஒரு கோடு, அதுக்குப் போய் நல்ல சிலிண்டரை வீணாக்குறீங்களே" என்று கொழுந்தனார் அன்று சண்டை போட்டது என்னிடம், என் கணவரிடம் அல்ல. பார்த்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

ஆய்வாளர் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, இதை எழுதினா உங்க மேலயும் வழக்கு வரும். சாரோட பேரும் கெடும். கண்ணு விஷயத்தை விட்டுடலாமே," என்றார்.

"விட்டா இந்தப் பதிவேடு செல்லுமா?"

"செல்லாதும்மா."

"அப்ப எழுதுங்க. பார்வை கொஞ்சம் குறைவுன்னு மழுப்பாதீங்க. தெரியலைன்னு எழுதுங்க."

அந்த நான்கு ஆண்டுகளில் நான் பார்த்துத் தேர்ச்சி கொடுத்த சிலிண்டர்களின் பட்டியலை இணைத்துள்ளேன். அவற்றில் எதிலும் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் உரிமம் இல்லாதவள் பார்த்தவை என்பதால், எல்லாவற்றின் காற்றையும் திறந்துவிட்டு, உரியவர் பார்த்த பிறகே நிரப்ப வேண்டும். கொழுந்தனார் கடையில் எண்மீது அரம் பட்ட சிலிண்டர்கள் இன்னும் எத்தனை உள்ளன என்று இன்றே பார்க்க வேண்டும்.

யார் தூண்டுதலும் இன்றி நான் சொல்ல எழுதப்பட்ட இதை, பிறர் வாசிக்கக் கேட்காமல் நானே வாசித்து, மூன்று பிழைகளைத் திருத்தினேன். இதில் உள்ள யாவும் உண்மை. என் கணவரின் கண் பற்றிய பகுதியை நீக்கக் கேட்டு என் மகன்களே வந்தாலும், அதற்கு எனக்குச் சம்மதம் இல்லை.

(கையொப்பம்)