பச்சைத் தண்ணி

அந்தக் கல்லுல கால் வைக்காதீங்க மேடம், பாசி. போன தடவை, உங்களை மாதிரி சுத்தமான ஊர் விருதுக்கு மார்க் போட வந்தவர் அங்கதான் உக்காந்தார். உக்காந்தார்னா, அவரா உக்காரல. அந்த வருஷம் எங்களுக்கு மூணாவது இடம்தான்.

ஆமா, இந்தப் படி அத்தனையும் ஊர்க்காரங்க போட்டதுதான். இருநூத்திப் பன்னெண்டு. அருவி பாக்க வர்றவங்க மிதிச்சு மிதிச்சுப் பாதையே ஓடை மாதிரி ஆயிடுச்சு. கல்லை ஒவ்வொண்ணா முதுகுல சுமந்துட்டு வந்தோம். ஃபாதர்கூட ஒண்ணு தூக்கினார். அப்புறம் மூணு ஞாயித்துக்கிழமை அவரால நிமிர முடியல, பிரசங்கம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. இன்னொரு கல்லு குடுத்துடலாமான்னு ஊரே யோசிச்சுது.

குப்பைத் தொட்டியா? எடுத்துட்டோம். தொட்டி இருந்தா ரொப்பறான், இல்லேன்னா வீட்டுக்கே தூக்கிட்டுப் போறான்.

அந்தச் செவப்புப் பலகையா... படிச்சுட்டீங்களா. உங்களை மேல் பாதையிலயே கூட்டிட்டுப் போயி, அப்படியே ஊர் ஹால்ல டீயும் கேக்கும் குடுத்து அனுப்பிடுன்னுதான் கமிட்டி சொல்லுச்சு. கமிட்டித் தலைவரா? நான்தான், கோல்மன்.

அருவி விழற குளத்துல குளிக்கக் கூடாது, அவ்வளவுதான். மூணு வருஷமா. தண்ணியில மனுசக் கழிவு கலக்குது, நாகரிகமாச் சொன்னா. கண்டுபிடிச்சது டிம்ப்னா. தபால்காரியா இருந்து ரிட்டையர் ஆனவ. சனிக்கிழமை தவறாம, மழையோ பனியோ, ஆறு பாட்டில்ல தண்ணி மொண்டு சோதனைக்கு அனுப்புவா. யாரும் கேட்டுக்கல, அவளாத்தான்.

முதல்ல கேரவன்ல வர்றவங்க மேல பழியைப் போட்டோம். அவங்க வண்டி நிறுத்தற இடத்தைப் பாறாங்கல்லை உருட்டி அடைச்சோம். அதுல ஒரு டச்சுக்காரர், பாவம், எங்க வண்டிக்குள்ளயே கக்கூஸ் இருக்கு, வந்து பாருங்கன்னார். டிம்ப்னா போயிப் பாத்துட்டு, நம்ம வீட்டதைவிடச் சுத்தம்னா. யாரும் காதுல வாங்கல. வண்டிங்க போச்சு, தண்ணி அப்படியேதான் இருந்துது. அப்புறம் ஆடுங்க மேல போட்டோம். ஆடு என்ன, எழுந்து மறுத்துப் பேசவா போகுது? சோதனைக்காரங்கதான், இது ஆட்டோடது இல்லன்னு எழுதி அனுப்பினாங்க.

மார்ச்சுல கூட்டம். டிம்ப்னா எழுந்து, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்கைச் சோதிக்கணும்னா. கக்கூஸ்ல சாயப்பொடியைக் கொட்டித் தண்ணி விட்டா, எந்த வீட்டு டேங்க் ஒழுகுதோ, அந்தச் சாயம் குளத்துல வந்து நிக்குமாம். பொடியும் கையோட கொண்டுவந்திருந்தா. எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான் சொன்னேன், ஏன் டிம்ப்னா, முப்பது வருஷம் எங்க தபாலை மோந்து பாத்தது போதலையா, இப்ப எங்க கக்கூஸையும் மோந்து பாக்கணுமான்னு.

ஹாலே சிரிச்சுது. அவளும் கொஞ்சம் சிரிச்சா. அப்புறம் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு, பட்டனை ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டு, போயிட்டா. அதோட பாட்டில் நின்னு போச்சு. கடையில என்னைப் பாத்தா ரொட்டிப் பக்கம் திரும்பிக்கறா.

பொடியை மேசையிலயே விட்டுட்டா. நான் எடுத்துட்டு வந்தேன். மே மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வீட்டுக் கக்கூஸ்ல கொட்டினேன். அவ சொன்னது தப்புன்னு காட்டத்தான், வேற நல்ல எண்ணமெல்லாம் இல்ல. கொட்டிட்டு இங்க வந்து நின்னேன். நாப்பது நிமிஷம். அதோ, அந்தப் பாறைக்கு அடியிலேந்து வந்துது பாருங்க, பச்சை. கிளிப்பச்சை. குளம் பூரா.

அன்னிக்குன்னு பாத்து, கால்வே டவுன்லேந்து புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு போட்டோ எடுக்க வந்திருந்தாங்க. தினமும் இப்படித்தான் இருக்குமான்னு பொண்ணு கேட்டா. ஆமாம்மா, அயர்லாந்துல எல்லாமே பச்சைதான்னேன். சந்தோஷமாப் போனாங்க. பெருசாக்கி சுவர்ல மாட்டியிருப்பாங்க.

இல்ல மேடம், நேத்து வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. இப்ப ஆகஸ்ட் ஆச்சு. கோடை பூரா வாடகைக்கு விடற எட்டு ரூமும் நிறைஞ்சிருந்துது, எப்படிச் சொல்றது?

ஆமா. நீங்க நேத்து தங்கின வீடேதான். காலைல நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அந்த முட்டை நான் பொரிச்சது. குளத்துல உங்க பங்கும் கொஞ்சம் இருக்குன்னு வெச்சுக்குங்க, தப்பா நெனைக்காதீங்க.

எழுதிக்குங்க. மார்க்கு எப்படி வேணா போடுங்க. திங்கக்கிழமை டேங்க்கை மாத்தக் குழி தோண்டற வண்டி வருது. உங்களோட சரி, ரூமையெல்லாம் சாத்தியாச்சு. இன்னிக்கு விடியக்காலம்தான் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். ஹால்ல அறுபது பேர் கேக்கோட காத்திருக்காங்க, தெரியும். ஆனா இப்ப அங்க வேணாம், இப்படித் திரும்புங்க. இந்த நீல வீடுதான். டிம்ப்னா உள்ளதான் இருக்கா, புகை வருது பாருங்க. நீங்க கொஞ்சம் முன்னாடி நில்லுங்க மேடம். வெளியூர் ஆளு நின்னா மூஞ்சியில கதவைச் சாத்த மாட்டா.