பதினோரு பிள்ளைகளுக்குத் தாய்மாமன்

மாதேஸ்வரி: நாலாயிரத்து முந்நூத்தி அம்பது. இன்னிக்குச் சாயந்தரம் கட்டலன்னா அடகுக்கடையில என் கம்மல் முழுகிடும்.

ஆஞ்சப்பன்: சேட்டு நல்ல மனுசன் மாதேசு. கேட்டுப் பாக்கலாம்…

மாதேஸ்வரி: பொண்டாட்டி கம்மல அடகு வெச்சு ஊரார் புள்ளைங்களுக்குத் தோடு வாங்குற புருசன் ஓசூருலயே நீ ஒருத்தன்தான்.

ஆஞ்சப்பன்: ஊராரா? லைன் வீட்டு பீகாருக்காரங்க. எந் தங்கச்சி மவளுக்கு மலைக்கோயில்ல காது குத்தறப்ப, கம்பெனியில எங்கூட மிஷின் ஓட்டுற சந்தோஷ் சும்மா பாக்கத்தான் வந்தான். தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுக் குத்துறது அவனுக்குப் புடிச்சுப்போச்சு. எங்க புள்ளைக்கும் மடி குடுங்கன்னான்.

மாதேஸ்வரி: மடியக் குடுத்த, சரி. சீரு எதுக்கு?

ஆஞ்சப்பன்: சீரு இல்லாம மடி மட்டும் குடுத்தா அது நாற்காலி.

மாதேஸ்வரி: ஒண்ணு எப்படிப் பதினொண்ணு ஆச்சு?

ஆஞ்சப்பன்: அவனப் பாத்து லைன் வீட்டுல எல்லாரும் கேட்டாங்க. புள்ளைங்களப் பெத்த பொண்ணுங்களோட அண்ணன் தம்பியெல்லாம் பாட்னா பக்கம். ரயில்ல ரெண்டு நாளு. நான் மூணாவது தெரு.

மாதேஸ்வரி: அதான் பதினோரு பேரும் வந்து உங் கையில கயிறு கட்டுனாளுங்களா?

ஆஞ்சப்பன்: அண்ணனுக்குக் கட்டுறது அவங்க வழக்கம். நம்மளத நாம குடுத்தோம், அவங்களத அவங்க குடுக்குறாங்க. மிஷின்ல மாட்டும், அறுத்துப் போடுன்னு சூப்பர்வைசர் சொன்னான்… மனசு வரல. அவுத்துக் கணுக்கால்ல கட்டிக்கிட்டேன்.

மாதேஸ்வரி: நடந்தா கோயில் மாடு மாதிரி இருக்குது.

ஆஞ்சப்பன்: சிரிக்காத. உன் வெறுங்காதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. பன்னெண்டாவது ஆளு வந்தா மடியே இல்லன்னு சொல்லிடுறேன். சத்தியமா.

மாதேஸ்வரி: அப்படிச் சொல்லாத…

ஆஞ்சப்பன்: ஏன்?

மாதேஸ்வரி: காலையில சேட்டுக்கிட்டப் போனேன். எதுக்கு அடகு வெச்சாருன்னு கேட்டாரு. எல்லாத்தயும் சொன்னேன்.

ஆஞ்சப்பன்: சிரிச்சாரா?

மாதேஸ்வரி: இல்ல, கண்ணத் தொடச்சாரு. அவருக்கு மூணும் பொண்ணுங்க, பையன் கெடையாது. மூத்த பொண்ணோட கொழந்தைக்கு வியாழக்கெழம காது குத்து. மடிக்கு ஆளு இல்ல.

ஆஞ்சப்பன்: நீ என்னா சொன்ன?

மாதேஸ்வரி: நீ வருவன்னு சொன்னேன். அசலு, வட்டி, மொத்தத்தையும் கணக்கு நோட்டுல அடிச்சுட்டாரு. கம்மலயும் கையில குடுத்தாரு.

ஆஞ்சப்பன்: அப்புறம் எதுக்குடி என்னைய இந்தத் திட்டுத் திட்டுற?

மாதேஸ்வரி: சீரு எதுவும் வேணாம்னுதான் சொன்னாரு… தாய்மாமன் பொண்டாட்டி வெறுங்கையோட எழுந்து வர்றதான்னு, கம்மல அந்தக் கொழந்தைக்கே சீராக் குடுத்துட்டு வந்துட்டேன்.