எட்வின் வண்டிக்கு நான் அடித்த ஈதர்

நாச்சாரத்தில் குளிர் என்று சொன்னால் கும்பகோணத்தில் இருக்கும் என் தம்பி சிரிப்பான். ஆனால் டிசம்பர் காலையில் இங்கே பழைய டீசல் வண்டிகள் லேசில் கிளம்பாது. எங்கள் அபார்ட்மெண்டில் எட்வினின் வேனும் அப்படித்தான். அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் முறை, இன்ஸ்பெக்டர் சார். உங்கள் அம்மா வேலூர்க்காரர் என்றீர்கள், அதனால் தெலுங்கை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொல்கிறேன்.

என் பெயர் சாரங்கபாணி. மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் கையெழுத்துப் போடாமல் அங்கே யாரும் வெல்டிங் மெஷினைத் தொட முடியாது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னை யாரும் எதற்கும் கேட்கவில்லை. என் மனைவி மங்களம் ஃபிரிட்ஜை எங்கே வைப்பது என்றுகூடக் கேட்காமல் அவளாகவே நகர்த்திக்கொண்டாள். எனக்கு அது ரொம்ப வலித்தது. சொல்வதில் வெட்கமில்லை.

எட்வின் எங்களுக்குக் கீழ் வீடு. பாளையங்கோட்டைக்காரர். எங்கள் அபார்ட்மெண்ட் பெண்களைக் கச்சிபௌலி ஐ.டி. ஆபீஸ்களுக்கு வேனில் ஏற்றிப்போய் விடுவதுதான் பிழைப்பு. ஒரு நாள் வேன் இருமி இருமி நின்றுவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் வேறு வண்டி பிடிக்கப் போனை எடுத்துவிட்டார்கள். என்னிடம் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே டப்பா ஒன்று இருந்தது. உள்ளே இருப்பது ஈதர், சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம். ஏர் ஃபில்டரின் வாயில் ஒரு தடவை அடித்தேன். வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"சார் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு என் பொழப்பு நாறியிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் எட்வின். தினமும் முன் சீட்டில் உட்காரும் மஹதி, "சூப்பர் அங்கிள்" என்று கைதட்டினாள். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையும் போன் வந்தது. "சார், வண்டி கெளம்ப மாட்டேங்கு. ஒரு எட்டு வாரீயளா?" போனேன். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

டீசல் என்ஜினுக்கு ஈதர் ஒரு போதை மாதிரி. சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெயை அலசிவிடும், பிஸ்டன் ரிங் தேயும், அழுத்தம் குறையும். பிறகு அது இல்லாமல் என்ஜின் எழுந்திருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எட்வின் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காத விஷயத்தில் அறிவுரை சொல்வது நாகரிகமில்லை அல்லவா? பொங்கல் கழிந்து வெயில் ஏறிய பிறகும் அந்த வேனுக்கு நான் தேவைப்பட்டேன்.

"ஏன்னா, மெக்கானிக்கிட்ட காட்டச் சொல்லப்படாதோ? நித்தியம் நீங்க போய் நிக்கணுமா?" என்றாள் மங்களம்.

"அவன் என்னைத்தான்டி நம்பிண்டிருக்கான்" என்றேன். உண்மைதானே.

ஒரு சாயங்காலம் எட்வின் பிளம் கேக்கோடு வந்தார். "சாரை ரொம்பப் படுத்திட்டேன். நம்ம மெக்கானிக் சாய்குமார் என்ஜினைப் பிரிச்சு ரிங்கெல்லாம் மாத்திட்டான். ஹீட்டர் பிளக்கு எல்லாம் செத்துக் கெடந்துச்சாம், அதையும் புதுசு போட்டுட்டான். இனிமே நீங்க நிம்மதியாத் தூங்குங்க சார்."

எனக்கு அந்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஹீட்டர் பிளக் என்பது சாவியைத் திருப்பியதும் சிலிண்டருக்குள் கனன்று சிவக்கிற ஒரு சின்னக் கம்பி. அது செத்துக் கிடந்த வரையில் ஈதர் பொறுத்துக்கொண்டது. உயிரோடு இருக்கும்போது அடித்தால், எரிகிற அடுப்பில் பெட்ரோலை ஊற்றியது போலத்தான். ஹீட்டர் பிளக் உள்ள வண்டிக்கு ஈதர் அடிக்கவே கூடாது என்று எங்கள் தொழிற்சாலையில் சுற்றறிக்கை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். தமிழில் இல்லை, ஆங்கிலம், இந்தி, தெலுங்கில்.

காலையில் டப்பாவோடு இறங்கினேன். "வேண்டாம் சார், அதுவே கெளம்பும்" என்றார் எட்வின்.

"புது ரிங். முதல் நாள் முரண்டு பிடிக்கும். ஒரே ஒரு தடவை அடிச்சிடலாம்" என்றேன்.

மூன்று மாதமாக என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். சரி என்றார். சாவியை மஹதியிடம் கொடுக்கச் சொன்னேன். எட்வினை ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"ஹீட்டர் லைட் எரியறதாம்மா?"

"எரியுது அங்கிள்."

வழக்கத்தைவிட நீளமாக அடித்தேன். அடித்துவிட்டு நாலடி பின்னால் வந்து நின்றுகொண்டேன். அது பாதுகாப்பு விதி. "இப்போ திருப்பும்மா" என்றேன்.

என் எண்ணமெல்லாம் என்ஜின் மேல்தான் சார். ஒரு பிஸ்டன் உடைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். தீ ஏர் ஃபில்டர் வாய் வழியாகத் திரும்பி வரக்கூடும் என்பதும் சுற்றறிக்கையில் இருந்தது, இரண்டாவது பத்தியில். எட்வினுக்கு இரண்டு கையும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயின. வலது கை விரல்கள் இனி ஸ்டீயரிங்கைப் பிடிக்காது என்கிறார் டாக்டர். மஹதிக்கு ஒன்றுமில்லை. அதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

நீங்களோ மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதி சாய்குமாரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். "மை கலத் நை கியா சார், நான் தப்புப் பண்ணலை, பிளக்கு சரியாத்தான் போட்டேன்" என்று அவன் வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கிறான். அவன் சொல்வது சரி. என் சர்வீஸில் விபத்துக்கான காரணத்தைத் தப்பாக எழுதிய ஒரு அறிக்கையைக்கூட நான் விட்டதில்லை. பிளக் ஒழுங்காக வேலை செய்தது. ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்பித்தான் நான் ஈதர் அடித்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. எட்வின் மனைவி காலையிலேயே வேலைக்குப் போய்விடுவாள். அவரால் ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாது, நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். நேற்று, "சார் இல்லேன்னா நான் என்ன செய்வேன்" என்று அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. நீங்கள் பாட்டுக்கு என்னை உள்ளே வைத்துவிட்டால், பாவம் சார், அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?