தோல் காக்கும் குஷன்

நீங்கள் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்துதான் உட்காருகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, தொழில் புத்தி. எங்கள் கடைக்கு வருகிறவர்களின் முகம் எனக்கு மறந்துபோகும், உட்கார்ந்த விதம் மறக்காது.

என் பெயர் வெர்னா ப்ரூயிட். டேட்டன் நகரத்தில் சக்கர நாற்காலி விற்கும் ஒரு சின்னக் கடையில் இன்சூரன்ஸ் பில் போடுகிறேன். நாற்காலிக்கு ஓர் எண் உண்டு. தலையைத் தாங்கும் திண்டுக்கு வேறு எண், விலாவைத் தாங்கும் திண்டுக்கு வேறு, இடுப்பு வாருக்கு வேறு. மனிதர் முழுசாகத்தான் கடைக்குள் வருவார், இன்சூரன்ஸ்காரர்களிடம் துண்டு துண்டாகப் போய்ச் சேருவார். ஒரு துண்டுக்கு எண் பொருந்தவில்லை என்றாலும் கிளெய்ம் திரும்பி வந்துவிடும். என்னுடையது திரும்பி வருவதில்லை. மற்ற கடைக்காரர்கள்கூட எனக்கு போன் போட்டு சந்தேகம் கேட்பார்கள். தற்பெருமை என்று எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் குஷன்தான். சாதாரண ஸ்பாஞ்ச் குஷன், இ2601. அதை யாருக்கும் கொடுப்பார்கள், பலகையைவிடக் கொஞ்சம் மேல். உள்ளே காற்றறைகள் வைத்த, தோலைக் காக்கும் குஷன் இ2603. அது வேண்டுமென்றால் இன்சூரன்ஸ்காரர்களின் பட்டியலில் உள்ள நோய்களில் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்காருகிற இடத்தில் படுக்கைப்புண் வந்திருக்க வேண்டும். அதாவது புண் வராமல் காக்கிற குஷனைக் கேட்பதற்கு முதலில் புண் வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. விதியோடு மல்லுக்கு நின்று யாருக்கும் ஒரு குஷன்கூட வந்ததில்லை.

டெல்பர்ட் ஸ்டாக்ஹவுஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். முடக்குவாதம் கைகால்களை முறுக்கிப் போட்டிருந்தது, தானாக அசைந்து உட்கார முடியாது. ஆனால் முடக்குவாதம் அந்தப் பட்டியலில் கிடையாது. முதல் நாளே அவர் மனைவி ரோஸெலிடம் இதைச் சொன்னேன். டெல்பர்ட்தான் குறுக்கிட்டார்.

"வியாதி வாங்குறதுக்கு முன்னாடி உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்ப."

இப்படிப் பேசுகிறவர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எப்படியாவது அந்தக் குஷனை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று அன்றே முடிவு செய்தேன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கெடுத்தது டுவேய்ன். எங்கள் கடையில் நாற்காலி பொருத்துகிறவன், இளகிய மனசுக்காரன். கிளெய்ம் வருகிற வரைக்கும் இருக்கட்டும் என்று கடையில் கிடந்த ஒரு காற்றறைக் குஷனை அவருக்கு இரவலாகக் கொடுத்துவிட்டான். அதன் பிறகு டெல்பர்ட்டின் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பேத்தி பள்ளிக்கூட பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பதைப் பார்க்க, ஃபுட்பால் ஆட்டம் முடிகிற வரைக்கும் மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பார். டாக்டர் ஒவ்வொரு தடவையும் தோல் நன்றாக இருக்கிறது என்றே எழுதினார். அப்படி எழுதினால் கிளெய்ம் எந்த ஜென்மத்தில் தேறும்? அனுப்பினால் திரும்பி வரும் என்று தெரிந்ததால் நான் அனுப்பவே இல்லை.

கடைசியில் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"என்னம்மா வெர்னா, என் பின்பக்கத்தப் பத்தி மேலிடத்துல என்ன சொல்றாங்க?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்காம். அதான் பிரச்சினை."

"நாப்பது வருஷத்துல இவகூட அதை ஒரு பிரச்சினைன்னு சொன்னதில்லையே."

"நீங்க கொஞ்சம் வாய மூடுங்க," என்றாள் ரோஸெல். ஆனாலும் சிரித்துவிட்டாள்.

கடையில் இரவல் பொருள்களைக் கணக்கெடுக்கிறார்கள் என்று சொல்லி அந்தக் குஷனை எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு ஸ்பாஞ்ச் குஷனைப் போட்டேன். ரோஸெல் அதை அமுக்கிப் பார்த்தாள்.

"இது கல்லு மாதிரி இருக்கே. இவரு தாங்குவாரா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். தோல்ல ஏதாவது தெரிஞ்சா முதல்ல எனக்குச் சொல்லுங்க."

அடுத்த வாரமே கூப்பிட்டாள். "சிவந்திருக்கு வெர்னா."

"தோல் கிழிஞ்சிருக்கா?"

"இல்ல. செவப்பா மட்டும் இருக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

சிவப்பை அவர்கள் புண்ணாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அது நான் போட்ட விதி இல்லையே. டெல்பர்ட் போனை வாங்கிப் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"நெருப்பு மேல உக்காந்த மாதிரி இருக்கும்மா. நேத்து மேட்ச்சுக்குக்கூடப் போகல."

"புரியுது. ஆனா கைக்கெட்டுற தூரத்துக்கு வந்துட்டோம். இப்ப விட்டுட்டா எல்லாம் வீணாப் போயிரும்."

"சரிம்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. மரக்கட்டை இல்லை நான். ஒருநாள் பீச் பழம் வைத்துச் சுட்ட கேக் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு தோல் கிழிந்தது. டாக்டர் ஆழம் பார்த்து எழுதினார். அன்றைக்கே கிளெய்மை அனுப்பினேன். முதல் தடவையிலேயே, ஒரு கேள்விகூட இல்லாமல் தேறியது. முடக்குவாதத்துக்கு இ2603 வாங்கியவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். ஆபீசில் எல்லோருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குள் புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புதுக் குஷன் கடைக்கு வந்த அன்று டெல்பர்ட் சவப்பெட்டியில் இருந்தார். அதற்குள்ளும் மெத்தை போட்டிருந்தார்கள், நல்ல மெத்தை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ரோஸெல் என்னைக் கட்டிக்கொண்டு, எங்களுக்காக உன்னை மாதிரி யாரும் அலைந்ததில்லை என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு என்று டுவேய்ன் உங்களிடம் சொல்லியிருப்பான். இரவல் குஷன் அலமாரியில் இருப்பதைப் பார்த்தவன் அவன்தான், கடையில் கணக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், குஷனை எடுத்தது நான்தான். புண் வர வேண்டும் என்றுதான் எடுத்தேன். வலிக்கும் என்றும் தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பதிலுக்கு ஒரே ஓர் உதவி. பக்கத்து ஊர் ஸீனியாவில் மிஸஸ் ட்ரெஸ்லர் என்று ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருக்கிறார், அவருக்கும் முடக்குவாதம்தான். போன வாரம் அவரிடம் இருந்த இரவல் குஷனையும் வாங்கி வந்துவிட்டேன். இன்று காலை போன் செய்து, சிவந்திருப்பதாகச் சொன்னார். நான் இங்கே உங்கள் விசாரணையில் இருக்கிற நேரத்தில் டுவேய்ன் இரக்கப்பட்டு அவருக்கு ஏதாவது குஷனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், இத்தனை நாள் பொறுத்துக்கொண்டவர், இன்னும் இரண்டு மூன்று நாளில் அவருக்கும் கிடைத்துவிடும்.