ரகசியக் கேள்விக்கு அம்மாவின் பெயர்

பெயர்: ர. பொன்மலர். வயது: 27. தகப்பனார்: ரத்தினசாமி. தாயார்: சவுரியம்மாள். முகவரி: மாதா கோயில் தெரு, பள்ளிகொண்டா. தொழில்: ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்பிங் பிரிவு எழுத்தர்.

17.08.2005 புதன்கிழமை காலை 11 மணிக்கு ஆம்பூர் நகரக் காவல் நிலையத்தில் நானே ஆஜராகிச் சொல்வது:

எனக்கும் நாட்றம்பள்ளியைச் சேர்ந்தவரும் ஓசூரில் வேலை செய்பவருமான ஜெஸ்டன் (31) என்பவருக்கும் இம்மாதம் 31ஆம் தேதி கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. கடந்த 13ஆம் தேதி, பிரவுசிங் சென்டர் உரிமையாளர் நிசார் அஹமது என் இமெயிலுக்குள் புகுந்துவிட்டார் என்று இதே நிலையத்தில் புகார் கொடுத்தேன். அந்தப் புகார் தவறு. அதனால் அவர் கடை நான்கு நாளாக மூடிக் கிடக்கிறது, அவருடைய இரண்டு கம்ப்யூட்டர்கள் இந்த நிலையத்தில் இருக்கின்றன. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. நிசார் அஹமது கடைக்கு இரண்டு வருடமாகப் போகிறேன். சுவரை ஒட்டிய ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர் காலியாகும் வரை காத்திருந்து அதில்தான் உட்காருவேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது துப்பட்டாவால் கையை மூடிக்கொள்வேன். எழுந்திருக்கும் முன் பார்த்த பக்கங்களின் பட்டியலை அழித்துவிடுவேன். இதைப் பார்த்து நிசார் அஹமது, "இன்னா மேடம், உள்ள ராணுவ ரகசியமா வச்சிருக்கீங்க?" என்று கேலி செய்வார். அந்தக் கேலியையும் நான் சந்தேகமாகவே எடுத்துக்கொண்டேன்.

இமெயில் தொடங்கிய அன்று, பாஸ்வேர்டு மறந்துபோனால் கேட்பதற்கு ஒரு ரகசியக் கேள்வி வேண்டும் என்று வந்தது. தாயாருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்த குடும்பப் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் இருந்தது. என் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சவுரியம்மாள் என்ற ஒரே பெயர்தான். நிசார் அஹமதுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நம்ம ஊர்ல ஏது மேடம் அதெல்லாம்? அம்மா பேரையே போட்டுடுங்க" என்றார். அப்படியே போட்டேன்.

அதன் பிறகு இம்மாதம் 4ஆம் தேதி, ஜெஸ்டனுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்க ஒரு கைக்கடிகாரத்தை இன்டர்நெட் கடை ஒன்றில் ஆர்டர் செய்தேன். திரையின் கீழே, பாதுகாப்பான தளம் என்பதற்கான பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முகவரியை அடித்தேன். வீட்டு முகவரி கொடுக்காமல் கம்பெனி முகவரி கொடுத்தேன். பட்டி கருப்பு, அசல் தோல் என்று போட்டிருந்தது. தோல் கம்பெனியில் வேலை செய்கிற எனக்குப் படத்தைப் பார்த்ததும் அது ரெக்சினாகத்தான் இருக்கும் என்று தோன்றியது, இருந்தாலும் கடிகாரம் பிடித்திருந்தது. இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆர்டர் விவரம் என் இமெயிலுக்கு மட்டும் வந்தது.

7ஆம் தேதி ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை, அதாவது மூன்று வாரம் கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். 10ஆம் தேதி மாலை கடையில் என் இமெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது. ரகசியக் கேள்விக்கு அம்மா பெயரைப் போட்டும் பயனில்லை, பதிலையும் யாரோ மாற்றியிருந்தார்கள். 12ஆம் தேதி இன்பசேகரன் என்பவர் என் கம்பெனிக்குப் போன் செய்தார். இவர் என்னுடன் கல்லூரியில் படித்தவர், மனைவியோடு பஹ்ரைனில் இருக்கிறார். அவர்கள் குழந்தையின் காது ஆபரேஷனுக்கு வேலூரில் விசாரித்துச் சொல்லும்படி எனக்கு எழுதிக்கொண்டிருந்தார். "இனிமே எழுதாதீங்கன்னு மெயில் போட்டிருக்கே. நான் இன்னா தப்பு பண்ணிட்டேன் மலரு?" என்று கேட்டார். நான் அப்படி ஒன்றும் எழுதவில்லை.

ரகசியக் கேள்விக்குப் பதில் தெரிந்த வெளி ஆள் நிசார் அஹமது ஒருவர்தான் என்று நினைத்தேன். மறுநாளே புகார் கொடுத்தேன். போலீஸ் கடைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். குற்றவாளி பேசுகிற பேச்சு என்றே அப்போது எடுத்துக்கொண்டேன்.

14ஆம் தேதி பூசையில் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பங்குத்தந்தை மைக்கில், "ரத்தினசாமி, சவுரியம்மாள் ஆகியோரின் மகள் பொன்மலர்" என்று வாசித்தார். எனக்குச் சுரீரென்றது. நான் துப்பட்டா போட்டு மூடிய கதவின் சாவியைக் கோயில் முழுக்கக் கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அதே பெயர்தான் அச்சாகியிருந்தது. அதன் பிறகு பூசையில் என் மனம் நிற்கவில்லை. திரும்பித் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பாட்டுக் குழுவில் இருந்த என் சிநேகிதி ஜீவாவைக்கூட விட்டுவைக்கவில்லை.

16ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு ஜெஸ்டன் கம்பெனிக்குப் போன் செய்தார். கோட்டு தைத்து வந்துவிட்டது, பிரவுன் நிறம் என்றார். அதன் பிறகு, "அந்த வாட்ச்சுக்குக் கருப்புப் பட்டி வேணாம், பிரவுன்ல மாத்தச் சொல்லிடு" என்றார்.

நான், "எந்த வாட்ச்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கட்டிக்கப் போறவன் பாக்கக் கூடாதா? மறைக்க ஒண்ணும் இல்லன்னா உனக்கு இன்னா பேஜாரு?" என்றார். இன்பசேகரனுக்கு எழுதியதும் அவர்தானா என்று கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான். புது பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேர் பேரும் சேர்த்து வச்சிருக்கேன், போய்ப் பாரு, உனக்குப் பிடிக்கும்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

உடனே என்னுடன் வேலை செய்யும் ஷர்மிளாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்ப்யூட்டரில் அந்தப் பாஸ்வேர்டை அடித்தேன். திறந்தது. 9ஆம் தேதி என் பெயரில் இன்பசேகரனுக்குப் போன மெயில் அங்கே இருந்தது. அச்செடுத்து இத்துடன் கொடுத்திருக்கிறேன். ஷர்மிளாவும் சாட்சி சொல்லத் தயார்.

அன்று மாலை நிசார் அஹமது வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முனவ்வர் பேகம் பாதிக் கதவு திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. தவறு என்னுடையது என்று சொன்னேன். "உன் கல்யாணத்துக்கு வர்றதுக்குப் புதுப் புடவைகூட எடுத்தாந்து குடுத்தாருமா அவரு" என்றார். வெட்கத்தில் அப்படியே திரும்பி வந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று உதவி ஆய்வாளர் கேட்டார். என் அப்பாவும் நேற்று அதையே சொன்னார். பேசித் தீர்க்க எனக்கு விருப்பமில்லை. மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று இன்று காலை பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன். ஜெஸ்டன் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். அதற்கு முன்பாக நிசார் அஹமதுவின் கம்ப்யூட்டர்களைத் திருப்பிக் கொடுத்து, அவர் மீது தவறில்லை என்று அவருக்கு எழுதித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்றே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ரகசியக் கேள்வி அதே கேள்விதான், பதிலை மட்டும் மாற்றியிருக்கிறேன். விசாரணைக்காக அந்தப் பதிலைக் கேட்டார்கள். அதைச் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன், அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நானும் வாங்கி இரண்டு முறை வாசித்தேன். எல்லாம் உண்மை. வரிகளுக்கு இடையே விட்டிருந்த காலி இடங்களில் என் கையால் கோடு போட்டு அடைத்த பிறகே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) ர. பொன்மலர்